காண்டாமிருகம் பார்க்க நாமே வண்டி ஓட்டிப் போகலாமா? – விவாத இழை

வாசகர் ஒருவர், 3 மே 2025

ஆப்பிரிக்காவில் கைடு இல்லாமல், தானே வண்டி ஓட்டி, கூடாரத்தில் படுத்துக்கொண்டு காண்டாமிருகம் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கதை விடுகிறார்கள். ஒரு ராத்திரிக்கு லட்ச ரூபாய் வாங்கும் லாட்ஜில் தங்கினால்தான் ரேஞ்சர் ரேடியோவில் விசாரித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். மற்றவர்களுக்கு வரிக்குதிரைதான்.

3 மே 2025, இரவு

கதை இல்லை. தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில் குடியிருக்கிறேன். வண்டி நான் ஓட்டுவேன், பைனாகுலர் என் வீட்டுக்காரர் கையில். கைடோடும் போயிருக்கிறோம், இல்லாமலும் போயிருக்கிறோம். கறுப்பு காண்டாமிருகத்தை நாங்கள் ஆற அமரப் பார்த்ததெல்லாம் கைடு இல்லாதபோதுதான்.

இதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் கறுப்பு, வெள்ளை என்று காண்டாமிருகம் இரண்டு ஜாதி. கறுப்பு காண்டாமிருகம் பகல் முழுக்க முள்புதருக்குள் படுத்துக்கிடக்கும். இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் சூரியன் மறைந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேலிக்கு வெளியே சொகுசு லாட்ஜில் இருப்பவர் அந்த நேரம் டின்னர் மேசையில் இருப்பார். உள்ளே ஒகாகுவேயோ முகாமில் கூடாரம் போட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு சில நிமிஷம் நடந்தால் போதும். விளக்கு போட்ட நீர்க்குட்டை, முன்னால் ஒரு குட்டைச் சுவர், உட்கார பெஞ்சு. எதிரே காண்டாமிருகம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். தேடி ஓட்டாதீர்கள். தண்ணீர் பக்கத்தில் உட்காருங்கள்.

4 மே 2025

லாட்ஜ்காரர்களைத் திட்டுகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். திட்டவில்லை. தனியார் காப்புக்காடுகளில் ரேஞ்சர் ரோட்டை விட்டு இறங்கி ஓட்டலாம், இருட்டில் ஸ்பாட்லைட் போட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் இறங்கி நடத்தியும் கூட்டிப்போவார்கள். அரசுப் பூங்காவில் நாமே வண்டி ஓட்டிப் போனால் இதில் எதுவும் கிடையாது. காசு இருந்தால் போங்கள். காசு இல்லாதவருக்கு வரிக்குதிரைதான் என்று சொன்னதற்குத்தான் பதில் எழுதினேன்.

வரிக்குதிரைக்கு என்ன குறை என்பது தனி விவாதம்.

9 மே 2025

"எந்தப் பூங்கா?" என்று பலர் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த இடங்கள் மட்டும்.

எட்டோஷாதான் முதலில். 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், 1907ல் காப்பிடமாக அறிவித்தது. நடுவில் உப்புப் படுகை, அதன் தெற்கு விளிம்பை ஒட்டித்தான் ரோடும் நீர்க்குட்டைகளும். வறண்ட மாதங்களில் வேறு எங்கும் தண்ணீர் கிடையாது, ஆகவே மிருகம் உங்களிடம் வந்தே தீர வேண்டும். 1970களில் வடமேற்கு வறண்ட பகுதிகளில் அழிந்துகொண்டிருந்த கறுப்பு காண்டாமிருகங்களைப் பிடித்துக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இன்று நாம் பார்ப்பதில் பல அவற்றின் வம்சம். வெள்ளையும் உண்டு, பிற்பாடு கொண்டுவந்து விட்டவை. ஒகாகுவேயோ, ஹலாலி, நமுட்டோனி என்று மூன்று பெரிய முகாம், ஒன்றுக்கொன்று சுமார் எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். மூன்றிலும் ராத்திரி விளக்கு போட்ட குட்டை உண்டு. மேற்கே ஒலிஃபான்ட்ஸ்ரஸ் என்று ஒரு சின்ன முகாம். அங்கே அறையே கிடையாது, கூடாரக்காரர்களுக்கு மட்டும். தண்ணீர் மேல் மரத்தால் இரண்டு அடுக்கு மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். 1980களில் யானைகளைக் கொன்று வெட்டிய இடம் அது. வெட்டுவதற்கு அவற்றைத் தூக்கிக் கட்டிய இரும்புச் சட்டகம் இன்னும் நிற்கிறது. தெரியாமல் போய் அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் வாயைத் திறப்பதா மூடுவதா என்றே தெரியாது.

வெள்ளை காண்டாமிருகம் போதும் என்றால் போட்ஸ்வானாவில் காமா காண்டாமிருகக் காப்பகம். செரோவே ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள். 1992ல் அந்த ஊர் மக்களே சேர்ந்து தொடங்கியது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பரப்பு 8,500 ஹெக்டேர் சொச்சம், அதனால் பார்க்காமல் திரும்புவது கஷ்டம். சாயங்காலம் செர்வே பள்ளத்தின் புல்வெளிக்கு மேய வரும். மணல் பாதை, ஃபோர் பை ஃபோர் இல்லாமல் போகாதீர்கள். ஒவ்வொரு கூடார இடமும் ஒரு பெரிய மொகோங்வா மரத்தடியில், பக்கத்து ஆள் கண்ணில் படாத தூரத்தில். கூடாரத்தைச் சுற்றி வேலி கிடையாது.

ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கி இரண்டு நாள்தான் இருக்கிறது என்பவருக்கு பிலானஸ்பர்க். செத்துப்போன எரிமலை வட்டத்துக்குள் ஒரு பூங்கா. மன்யானே, பக்காட்லா முகாம்களில் கூடாரம் போடலாம். சாதாரண காரே போதும்.

தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கும் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்காவை விட்டால் பாவம். 1895லேயே காப்பிடம் ஆனது. தெற்கத்திய வெள்ளை காண்டாமிருகம் என்று உலகத்தில் இன்று எங்கே எதைப் பார்த்தாலும் அதன் முன்னோர் இங்கிருந்து போனவை. 1960களில் வனக்காவலர் இயன் பிளேயரும் கூட்டாளிகளும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆனால் உள்ளே நம் கூடாரம் அடிக்க இடம் கிடையாது. குடில் எடுக்கலாம், அல்லது வெளியே கூடாரம் போட்டுவிட்டுக் காலையில் கேட் திறக்கும்போது போய் நிற்கலாம்.

9 மே 2025, சற்று நேரம் கழித்து

பிலானஸ்பர்க் என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1990களில் அங்கே வெள்ளை காண்டாமிருகங்கள் செத்துக் கிடந்தன, நாற்பதுக்கும் மேல். கொம்பு அப்படியே இருந்தது, ஆகவே வேட்டைக்காரன் இல்லை. கடைசியில் பார்த்தால் குத்திக் கொன்றது இளவட்ட ஆண் யானைகள். தென்னாப்பிரிக்காவின் பெரிய பூங்காவான க்ரூகரில் யானைக் கூட்டத்தைச் சுட்டுக் குறைத்தபோது தப்பவிட்ட அநாதைக் குட்டிகளை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கண்டிக்கப் பெரியவர் யாரும் இல்லாமல் வளர்ந்து, உரிய வயதுக்கு முன்பே மதம் பிடித்து ஆடியிருக்கின்றன. 1998ல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொலை நின்றது.

எங்கள் மாமனாரிடம் இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் அவர் பேச்சுக்கு மவுசு கூடிவிட்டது.

11 மே 2025

"க்ரூகரை ஏன் சொல்லவில்லை?" வேண்டுமென்றேதான். க்ரூகர் அருமையான பூங்கா, சிறுத்தைக்கும் சிங்கத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் அங்கே 2011ல் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த வெள்ளை காண்டாமிருகம் 2020ல் இரண்டாயிரத்து அறுநூறு வாக்கில் வந்து நின்றது. பெரும்பாலும் வேட்டை, கூடவே வறட்சி. பூங்காவோ கிட்டத்தட்ட எட்டோஷா அளவு. காண்டாமிருகத்துக்காகவே விமானம் ஏறுகிறவரை நான் அங்கே அனுப்பமாட்டேன்.

இன்னொன்று. தம்பி ஒருவர் ஜிபிஎஸ் புள்ளி கேட்டிருக்கிறார். தரமாட்டேன். குட்டையின் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது, அதைச் சொல்கிறேன். இன்ன தேதியில் இன்ன புதரடியில் தாயும் கன்றும் என்று யாரும் எங்கேயும் எழுதாதீர்கள். படத்தைப் போடுவதற்கு முன் போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பூங்காக்காரர்களே கெஞ்சிக் கேட்கிற விஷயம் இது.

2 ஜூன் 2025

தூரத்தில் நிற்பது கறுப்பா வெள்ளையா என்று எப்படித் தெரியும்? நிறத்தை மறந்துவிடுங்கள். இரண்டும் அந்த ஊர் மண்ணின் நிறம்தான். எட்டோஷாவில் சுண்ணாம்புச் சேற்றில் புரண்டு வந்தால் கறுப்பும் வெளேர் என்று இருக்கும்.

தலையைப் பாருங்கள். புல்லில் மூக்கு உரச, தலையைக் கீழே தொங்கப்போட்டு நடந்தால் வெள்ளை. தலை நிமிர்ந்து, மேலுதடு கூர்ந்து வளைந்திருந்தால் கறுப்பு, புதரை மேய்கிற ஜாதி. கன்று இருந்தால் இன்னும் சுலபம். வெள்ளையில் கன்று முன்னால் ஓடும், தாய் பின்னால். கறுப்பில் தாய் முன்னால், கன்று பின்னால்.

மிருகமே கண்ணில் படாவிட்டால் சாணியைப் பாருங்கள். இம்ஃபோலோசியில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு ஒரு காலை நடை போனோம். பாதையோரம் ஒரு சாணிமேடு. ஒரே இடத்தில் வந்து வந்து போட்டுப் பின்னங்காலால் உதைத்துப் பரப்பிவிடும், தன் எல்லையைக் காட்டவும் வந்துபோனது யாரென்று மற்றதுக்குத் தெரிவிக்கவும். காவலர் காய்ந்த உருண்டை ஒன்றைக் கையில் எடுத்து உடைத்தார். உள்ளே புல் இல்லை, குச்சிகள். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டின் நுனியும் கத்தரித்தது போலச் சரிவாக, நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டுப்பட்டிருந்தது. கறுப்பு காண்டாமிருகத்தின் கடைவாய்ப்பல் வேலை. யானையும் குச்சி தின்னும், ஆனால் அதன் சாணத்தில் குச்சி நார் நாராகப் பிய்ந்து கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை மோந்து பார்த்துவிட்டு "வைக்கோல்போர் வாசனை" என்றார். அன்றைக்கு மிருகம் கண்ணில் படவில்லை. அந்த நடைக்குக் கொடுத்த காசு வீண் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

8 ஜூன் 2025

"கொம்பை அறுத்துவிட்ட காண்டாமிருகத்தைப் பார்க்கவா இவ்வளவு செலவு? படத்தில் பன்றி மாதிரி இருக்கிறது" என்று ஒருவர்.

வேட்டைக்காரன் கொம்புக்காகத்தான் கொல்கிறான், அதனால் பூங்காக்காரர்களே முந்திக்கொண்டு அறுத்துவிடுகிறார்கள். கொம்பில்லாததைப் பார்த்தபோது எனக்கும் மனசு சுருங்கியது உண்மை. ஆனால் இந்த மூன்று நாளாக வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். சயன்ஸ் இதழில் இப்போதுதான் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. க்ரூகரையும் அதை ஒட்டிய காப்புக்காடுகளையும் 2017 முதல் 2023 வரை கவனித்திருக்கிறார்கள். எட்டு காப்பகங்களில் 2,284 காண்டாமிருகங்களின் கொம்பை அறுத்ததில் வேட்டை 78 சதவீதம் குறைந்திருக்கிறது. காவலுக்கு ஆன மொத்தச் செலவில் இதற்குப் போனது 1.2 சதவீதம்தான். மீதிப் பணமெல்லாம் மோப்ப நாய், கேமரா, ஹெலிகாப்டர், ஆள்படை. இவற்றால் எழுநூறு வேட்டைக்காரர்கள் பிடிபட்டார்கள், ஆனால் வேட்டை குறைந்ததற்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லையாம். பிடிபடுகிறவன் பசிக்கு வந்தவன், அனுப்புகிறவன் வேறு எங்கோ இருக்கிறான்.

கொம்பு நம் நகம் போன்ற கெரட்டின்தான். மயக்க ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, உயிருள்ள அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே அறுப்பார்கள். திரும்ப வளரும், ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை மறுபடி அறுக்க வேண்டும். மிச்சம் இருக்கிற அடிக்கட்டைக்காகவும் கொல்கிறவன் உண்டு. அதனால் இதுவே முழு மருந்து என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை.

2023ல் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசியில் மட்டும் வேட்டையில் 307 காண்டாமிருகம் போயிற்று. தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் அந்த வருஷக் கணக்கு 499 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் அங்கே கொம்பறுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பூங்கா இருக்கும் க்வாசுலு-நடால் மாகாணத்துக் கணக்கு அந்த ஒரு வருஷத்தில் 325லிருந்து 232க்கு இறங்கியது. படம் அழகாக வரவில்லை என்றால் வரவில்லை, விடுங்கள்.

9 ஜூன் 2025

கொம்பில்லாமல் அது எப்படிச் சண்டை போடும் என்று கேட்டவருக்கு: ஆயிரம், இரண்டாயிரம் கிலோ எடை இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

20 ஜூலை 2025

அடுத்த மாதம் எட்டோஷா கிளம்புகிறோம், அதனால் வண்டிப் பேச்சு.

வாடகைக்கு எடுப்பவர்கள் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் இறங்கி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேபின் பிக்கப் எடுப்பதுதான் வழக்கம். மேலே மடித்து விரிக்கும் கூரைக் கூடாரம், பின்னால் ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேசை நாற்காலி எல்லாம் சேர்த்தே வரும். சாவியை வாங்கும்போது கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வண்டியில் ஸ்டெப்னி இரண்டு இருந்தது, ஜாக்கியைத்தான் காணோம். அது தெரிந்தது சரளை ரோட்டில் டயர் வெடித்த பிறகு. ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்றடிக்கும் கம்ப்ரசர், பிரஷர் பார்க்கும் மானி எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூடாரத்தை அங்கேயே ஒருதடவை விரித்து மடியுங்கள். இருட்டில் முதன்முறையாக அந்த ஜிப்பைத் தேடிப் பாருங்கள், புருஷன் பெண்டாட்டி ஏன் சண்டை போடுகிறார்கள் என்று தெரியும்.

இன்சூரன்ஸ் தாளில் சின்ன எழுத்தைப் படியுங்கள். சரளை ரோட்டில் மணிக்கு 80க்கு மேல் போனால், இருட்டிய பிறகு ஓட்டினால், வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே கவிழ்ந்தால் காசு கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வேகத்தை எழுதிவைக்கும் பெட்டியும் வண்டியில் இருக்கும். நமீபியாவில் சுற்றுலாக்காரர்கள் அடிபடுவது சிங்கத்தால் அல்ல, சரளையில் வழுக்கிக் கவிழ்ந்துதான். சரளை வந்தால் டயர் காற்றை 1.8 பார் வாக்கில் இறக்குங்கள், தார் வந்ததும் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம், ஓட்டுவது இடப்பக்கம். இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பியர்களைவிட நமக்கு யோகம்.

விண்ட்ஹூக்கிலிருந்து ஒகாகுவேயோ 430 கிலோமீட்டர் சொச்சம், முழுக்கத் தார். கடைசி ஊர் அவுட்ஜோ. டீசலை அங்கேயே வாய்வரை நிரப்புங்கள். பூங்காவுக்குள் பங்க் இருக்கிறது, சரக்குதான் எல்லா நாளும் இருக்காது. ஒலிஃபான்ட்ஸ்ரஸில் பங்க்கே இல்லை.

22 ஜூலை 2025

சார்ஜ் போட என்ன அடாப்டர் என்று கேட்டவருக்கு. அறையில் தங்கினால் நம்மூர் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று உருளைப் பின் பிளக் அப்படியே பொருந்தும், கடையில் காசைக் கொட்டாதீர்கள். கூடார இடத்தில் பல கம்பங்களில் கேரவனுக்கான நீலப் பிளக்தான் இருக்கும். அதற்கு மாற்று ஒன்றை வண்டிக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். ஃப்ரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரி இருக்கிறதா என்பதையும்.

சாப்பாடு: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம், ரவை. மாமிசம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நமீபியாவில் வடக்கையும் தெற்கையும் பிரித்து கால்நடை நோய்த்தடுப்பு வேலி ஓடுகிறது. வடக்கிலிருந்து பச்சை மாமிசத்தோடு தெற்கே வந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். அளவாக வாங்குங்கள்.

6 ஆகஸ்ட் 2025, காங்

போட்ஸ்வானா வழியாகத்தான் போகிறோம், டிரான்ஸ்-கலஹாரி நெடுஞ்சாலை. நேர்கோடு. கழுதை, மாடு, ஆடு, மறுபடி கழுதை. இந்த ரோட்டில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் எனக்கு அவரோடு பேச்சு இல்லை.

குளிர் எலும்பைத் தொடுகிறது. ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் இங்கே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். தூக்கப்பை நல்லதாக எடுத்துவாருங்கள், கம்பளித் தொப்பியும்.

11 ஆகஸ்ட் 2025, ஒகாகுவேயோ, நடுநிசி தாண்டி

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள். ஒன்பது மணிக்குச் சுவரோரம் இடம் பிடித்தோம். முதலில் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை, நரி ஒன்று வந்து வந்து போனது. பக்கத்தில் இருந்த கும்பல் பொறுமை இழந்து படுக்கப் போய்விட்டது. பிறகு வலப்பக்கம் கல்லில் குளம்பு உரசும் சத்தம். தாயும், பின்னால் பாதி வளர்ந்த கன்றும்.

நேரே தண்ணீருக்கு வரவில்லை. விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் நின்றது, காது மட்டும் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது, ஒன்று நம் பக்கம், ஒன்று பின்பக்கம். அதற்குக் கண்பார்வை மட்டம், எல்லாமே காதும் மூக்கும்தான். யாரோ ஒருவர் ஜாக்கெட் ஜிப்பை இழுத்தார். இரண்டு காதும் ஒருசேர இந்தப் பக்கம் வந்துவிட்டன. அப்படியே நின்றது. எங்கள் வரிசையில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. பிறகு முன்னங்காலைத் தண்ணீரில் வைத்து, உதட்டைக் குவித்து உறிஞ்சத் தொடங்கியது. பாயசம் உறிஞ்சுவது போலச் சத்தம். தலையைத் தூக்கியபோது தாடையிலிருந்து சொட்டுவது விளக்கில் மினுங்கியது. இரண்டு காதிலும் அடையாளத்துக்கு வெட்டிய வெட்டுகள் தெளிவாகத் தெரிந்தன.

அப்புறம் இன்னொன்று வந்தது, பிறகு இன்னொன்று. இது தனிமை விரும்பும் மிருகம் என்று பாடம் படித்திருக்கிறோம். இங்கே ராத்திரியில் மூக்கோடு மூக்கு வைத்துப் புஸ் புஸ் என்று ஊதிக்கொள்கின்றன. அந்தப் பாதி வளர்ந்த கன்று புதிதாக வந்த ஒன்றிடம் போய்க் கொம்பைத் தொட்டுவிட்டு ஓடிவந்தது. யானைக் கூட்டம் வந்ததும் எல்லாம் ஒதுங்கின, ஒன்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டு கடைசிவரை இடம் விடவில்லை. காதை விரித்துக்கொண்டு யானை ஒரு எட்டு வைத்த பிறகுதான் போனது.

என் வீட்டுக்காரர் பாதியிலேயே பெஞ்சில் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை, எழுப்பினால் பேசுவார்.

13 ஆகஸ்ட் 2025, ஹலாலி

சின்னக் குறிப்பு. இங்கே மொரிங்கா குட்டை பாறைமேல் உட்கார்ந்து பார்ப்பது, ஒகாகுவேயோவைவிட அமைதி. நேற்று ஒரே ஒரு காண்டாமிருகம், ஒரு சிறுத்தை.

குப்பைத்தொட்டியில் ராத்திரி பெரிய ரகளை. தேன்வளைக்கரடி. மூடி மேல் கல் வைத்தாலும் தள்ளிவிடும். எங்கள் அப்பளப் பொட்டலம் போயிற்று. ஒகாகுவேயோவில் நரி செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும், இங்கே இது. முகாமுக்கு வேலி இருக்கிறது என்பதை இந்த இரண்டு ஜாதியும் ஒத்துக்கொள்வதில்லை.

25 ஆகஸ்ட் 2025

வீடு வந்தாயிற்று. மே மாதம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். தேடி ஓட்டாதீர்கள் என்று அடித்துச் சொன்னேன். அது வறண்ட காலத்துக்கு மட்டும்தான் பொருந்தும், ஜூனிலிருந்து அக்டோபர் வரை. மழை விழுந்தால் ஊரெல்லாம் குட்டை ஆகிவிடும், காண்டாமிருகம் நம் விளக்கடிக்கு ஏன் வரவேண்டும்? டிசம்பர் லீவில்தான் வரமுடியும் என்கிறவர் காமாவுக்கோ பிலானஸ்பர்க்குக்கோ போவதுதான் புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் எட்டோஷாவில் மலேரியாப் பயமும் கூடுதல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பகலில் சும்மா இருங்கள் என்றும் அர்த்தம் இல்லை. இந்தத் தடவை காலையில் கேட் திறந்தவுடன் கிளம்பி ஒரே குட்டையில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து மணிவரை இருந்தோம். பத்து குட்டை சுற்றிவந்த பக்கத்துக் கூடாரக்காரர் எங்களைவிடக் குறைவாகத்தான் பார்த்திருந்தார், டீசலும் அவருக்குத்தான் போச்சு.

கறுப்பு துரத்துமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். துரத்தும். ரோட்டோரம் கண்டால் நெருங்காதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், முன்னால் வழி திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். தலையைத் தூக்கிப் புஸ் என்று ஊதினால் கிளம்பிவிடுங்கள். என் அனுபவத்தில் வண்டிக்கு அதைவிட யானைதான் ஆபத்து. எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். வேலி போட்ட கழிப்பறை இடங்கள் தவிர வேறு எங்கும் இறங்க அனுமதியும் இல்லை.

30 செப்டம்பர் 2025

எட்டோஷாவில் தீ. 22ஆம் தேதி பூங்காவின் எல்லையை ஒட்டித் தொடங்கியது, காற்றில் உள்ளே பரவிப் பூங்காவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எரிந்துவிட்டது. ராணுவத்தை இறக்கியிருக்கிறார்கள். நாங்கள் வண்டி ஓட்டிய மேற்குப் பாதைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் செய்தியில் கேட்கும்போது சோறு இறங்கவில்லை. வதந்தி நிறைய ஓடுகிறது, வாட்சப்பில் வரும் செத்த மிருகப் படங்களை இங்கே கொண்டுவந்து போடாதீர்கள். பாதி பழையது, பாதி வேறு நாடு.

12 அக்டோபர் 2025

அடுத்த வருஷம் ஜூலைக்கு எட்டோஷா முன்பதிவு செய்தவர், ரத்து செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். தீயை அடக்கிவிட்டார்கள். படுகையின் தெற்கு விளிம்பிலும் கிழக்கிலும் உள்ள குட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு மழைக்காலம் போனால் கரிந்த புல்லில் தளிர் வரும், தளிர் மேய மான்கூட்டம் வரும். புதரையே நம்பியிருக்கும் கறுப்பு காண்டாமிருகத்துக்கு மேற்கில் கொஞ்ச காலம் கஷ்டம்தான். அதனால் ஒலிஃபான்ட்ஸ்ரஸுக்கு வைத்திருந்த இரவுகளை ஒகாகுவேயோவுக்கு மாற்றக் கேளுங்கள், ஜூலை என்பதால் இப்போதே கேளுங்கள், அங்கே கூடார இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். குட்டைக்குக் கிட்டே இடம் கேட்காதீர்கள், ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம். குளியலறைக்குக் கிட்டே கேளுங்கள். ஏணியில் இறங்கிக் குளிரில் நடக்கும் தூரம் குறையும்.

தீக்குப் பின் விலை குறையுமா என்று கேட்டவருக்கு: குறையாது.